உங்களுக்குத் தெரியுமா? கொழும்பில் கீரிப்பிள்ளை வாங்கிய நாடகாசிரியர்

உலகமே கொண்டாடும் ரஷ்ய நாடகாசிரியர் அன்ரன் செக்கோவ் இலங்கைக்கு வந்திருக்கிறார். 1890 நவம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோது அவருக்கு வயது 30. அவர் பெயரை நிலைநிறுத்திய நான்கு பெரிய நாடகங்களில் ஒன்றைக்கூட அப்போது அவர் எழுதியிருக்கவில்லை.

✦

அவர் சுற்றுலாவுக்கு வந்தவரல்லர். ரஷ்யாவின் கிழக்கு எல்லையில் உள்ள சகலின் தீவு அக்காலத்தில் கைதிகளின் தீவு. குதிரை வண்டியிலும் படகிலுமாகச் சைபீரியாவைக் கடந்து அங்கே போனார். ஏறத்தாழ மூன்று மாதம் தங்கி, குடிசை குடிசையாக ஏறி இறங்கி, 10,000 பேரளவில் விவரம் கேட்டு அட்டைகளில் எழுதினார். அப்போதே இருமலில் இரத்தம் வந்துகொண்டிருந்த மனிதர் செய்த வேலை இது. திரும்பும் வழியில்தான் ஹொங்கொங், சிங்கப்பூர், கொழும்பு.

✦

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போனார். ஊர் திரும்பியதும் நண்பரும் பத்திரிகை அதிபருமான சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் சகலினை நரகம் என்றும் இலங்கையைச் சொர்க்கம் இருந்த இடம் என்றும் வைத்துப் பேசினார். கிழக்குக் கரைப் பக்கம் அவர் வரவில்லை. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928இல்தான். பொத்துவில் வீதியில் இருக்கும் எங்கள் கோமாரிக்கு இன்றும் ரயில் இல்லை.

✦

‘குசெவ்’ என்ற அவருடைய சிறுகதை பத்திரிகையில் வெளியானபோது அதன் கீழே கொழும்பு என்ற ஊர்ப்பெயரும் நவம்பர் 12 என்ற தேதியும் இருந்தன. கப்பலில் நோயால் இறந்துபோகும் ஒரு சாதாரண சிப்பாயின் கதை அது. வரும் வழியில் இரண்டு பேரின் உடல்களைப் பாய்த்துணியில் தைத்துக் கடலில் இறக்கியதைச் செக்கோவ் நேரில் பார்த்திருந்தார். கடலில் பிழைக்கும் ஊரவர்கள் இந்தக் கதையை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். இறந்தவனைப் பற்றி ஒரு சொட்டுக் கண்ணீர் வசனம் அதில் கிடையாது. மனம் கனத்துப்போவது அதனால்தான்.

✦

இங்கிருந்து கீரிப்பிள்ளைகள் வாங்கிப் போனார். கப்பலில் அவை செய்த அட்டகாசமும் மொஸ்கோ வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கவிழ்த்த கதையும் கடிதங்களில் சிரிக்கச் சிரிக்க வருகின்றன. பெண் கீரி என்று கொழும்பில் விற்கப்பட்ட பிராணி உண்மையில் மரநாய். அது ஒளிந்திருந்து ஆட்களின் காலைக் கடித்தது. கடைசியில் கீரிப்பிள்ளை மொஸ்கோ மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

✦

செக்கோவின் பாட்டனார் பண்ணையடிமை. காசு கட்டித் தன்னையும் குடும்பத்தையும் மீட்டவர். தந்தை தகன்ரோக் ஊரில் பலசரக்குக் கடை வைத்து நொடித்துப்போனார். கடன்காரருக்குப் பயந்து தந்தை மொஸ்கோவுக்கு ஓடியபோது, 16 வயது மகன் ஊரிலேயே நின்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் படிப்பை முடித்தான். வைத்தியப் படிப்பின்போது குடும்பத்துக்குச் சோறு போட்டவை அவர் புனைபெயரில் எழுதித் தள்ளிய பகிடிக் கதைகள். பசியிலிருந்து பிறந்த பகிடி ஆகையால் அது ஏழைகளை ஒருநாளும் நோகவைக்கவில்லை.

✦

வயல்காரர்கள் கவனிக்க. 1888இல் செக்கோவ் எழுதிய ஓரங்க நாடகம் ஒன்றில், பக்கத்து நிலக்காரர் தம் அயலவரின் மகளைப் பெண் கேட்டு வருகிறார். பேச்சைத் தொடங்கியதும் இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கும் புல்வெளி யாருடையது என்ற தகராறு வந்துவிடுகிறது. பெண் கேட்க வந்தவர் வந்த காரியத்தை மறந்து சண்டை பிடிக்கிறார். அடுத்தது யாருடைய நாய் உசத்தி என்ற சண்டை, அதில் அவர் மயங்கி விழுகிறார். ஒருவழியாகச் சம்மதம் கிடைத்ததும் அதே நாய்ச் சண்டை மீண்டும் தொடங்குகிறது. போடியார்மாரும் வட்டைகளும் வரம்புத் தகராறும் உள்ள அம்பாறைக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் ஒன்றை எனக்குக் காட்ட முடியுமா? ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மாற்றினால் போதும். மற்றதெல்லாம் இங்கேயே நடந்ததுபோல இருக்கும்.

✦

அதே ஆண்டின் இன்னொரு ஓரங்கம் ‘கரடி’. கணவனை இழந்து துக்கத்தில் இருக்கும் இளம்பெண்ணிடம், கணவன் பட்ட கடனை வசூலிக்க ஒருவன் வருகிறான். வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சண்டைக்குத் தயாராகும் அளவுக்குப் போய், காதலில் முடிகிறது. செக்கோவுக்கு நல்ல வருமானம் தந்த நாடகங்களில் இதுவும் ஒன்று.

✦

‘புகையிலையின் தீங்குகள்’ என்று ஒரு நாடகம். மேடையில் ஒரே ஒரு ஆள். புகையிலை கெடுதல் என்று பேசும்படி மனைவி அனுப்பிவைத்த கணவன். புகையிலையைப் பற்றிப் பேச வாயெடுத்தவன், தன் 33 வருட இல்வாழ்க்கையைக் கொட்டித் தீர்க்கிறான். முதல் பாதியில் சபை சிரிக்கும். பிற்பாதியில் சிரிக்க மனம் வராது. 1886இல் இதை வெறும் பகிடியாக எழுதிய செக்கோவ், அடுத்த பதினாறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்திலும் அந்த மனிதனின் துயரம் கூடிக்கொண்டே வந்தது. செக்கோவ் வளர்ந்த பாதை முழுவதையும் இந்த ஒரு நாடகத்தின் பிரதிகளை அடுக்கிவைத்தே பார்த்துவிடலாம்.

✦

‘கடற்பறவை’ நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, அதில் ஐந்து பூட் காதல் இருப்பதாக நண்பருக்கு எழுதினார். பூட் என்பது ரஷ்ய நிறை அளவை. ஒரு பூட் 16 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, 80 கிலோவுக்கு மேற்பட்ட காதல். ஆசிரியர் மாஷாவை விரும்புகிறார், மாஷா திரெப்லேவை, திரெப்லேவ் நீனாவை, நீனா திரிகோரினை. விரும்பியவருக்கு அந்த விருப்பம் நிலையாகத் திரும்பக் கிடைத்தது ஒரு இடத்திலும் இல்லை. இதை அவர் ‘நகைச்சுவை நாடகம்’ என்று வகைப்படுத்தியிருக்கிறார்.

✦

1896 அக்டோபர் 17ஆம் தேதி பீட்டர்ஸ்பேர்க்கில் அந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது சபை கேலிசெய்து சிரித்தது. அன்று ஒரு புகழ்பெற்ற சிரிப்பு நடிகையின் கௌரவ இரவு. அவரைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டத்துக்கு இந்தத் துயரம் பிடிபடவில்லை. செக்கோவ் அரங்கைவிட்டு வெளியேறி, குளிரில் தெருத்தெருவாக நடந்தார். இனி நாடகமே எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து மொஸ்கோ கலை அரங்கு அதே நாடகத்தை மேடையேற்றியது. முதல் அங்கம் முடிந்ததும் சபையில் நீண்ட அமைதி. நடிகர்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் கைதட்டல் இடிபோல் எழுந்தது. அந்தக் கடற்பறவையே பிற்பாடு அந்த அரங்கின் சின்னமாயிற்று.

ஒரே வசனங்கள், ஒரே கதை. மாறியது நடிப்பும் நெறியாள்கையும். நம் ஊர்களில் ஒரு நாடகம் எடுபடாமல் போனால் எழுதியவனை மட்டும் குறைசொல்லும் பழக்கம் உண்டு. அப்படிச் சொல்பவர்களுக்காகவே இதை நீட்டி எழுதினேன்.

✦

காதல் கடிதத்துக்கு மேடையில் பதில் சொல்ல முடியுமா? லிதியா அவீலோவா என்ற எழுத்தாளர் செக்கோவுக்கு ஒரு பதக்கம் அனுப்பினார். அதில் ஒரு நூலின் பக்க எண்ணும் வரி எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த நூல் செக்கோவுடையது. எடுத்துப் பார்த்தால் அந்த வரிகள் காதலைச் சொல்லும். செக்கோவ் பதில் எழுதவில்லை. ‘கடற்பறவை’யில் நீனா திரிகோரினுக்கு அதேபோன்ற பதக்கம் கொடுக்கும் காட்சியை வைத்து, எண்களை மாற்றிவிட்டார். சபையில் இருந்த அவீலோவா வீடு திரும்பி அந்த எண்களைத் தம்முடைய நூலிலேயே தேடிப் பதிலைக் கண்டெடுத்ததாக நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

✦

1895இல் சுவோரின் அவரைக் கல்யாணம் செய்யச் சொன்னார். செய்கிறேன், ஆனால் அவள் நகரத்தில் இருக்கட்டும், நான் கிராமத்தில் இருக்கிறேன் என்று செக்கோவ் பதில் எழுதினார். நிலவைப்போல, தினமும் வானில் தோன்றாத மனைவி வேண்டும் என்பது அவர் கேட்ட வரம்.

ஆறு ஆண்டு கழித்து அந்த வரம் அப்படியே பலித்தது. 1901இல் நடிகை ஒல்கா கினிப்பரை மணந்தார். சயரோகம் முற்றியதால் அவர் தெற்கே யால்டாவில் கடலோரம் கிடக்க, மனைவி மொஸ்கோவில் மேடையில். அவர் எழுதிய பாத்திரங்களைத்தான் மனைவி அங்கே நடித்துக்கொண்டிருந்தார். அவருக்கோ போய்ப் பார்க்க உடம்பு இடங்கொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கடிதங்கள் இருவருக்குமிடையே போய்வந்தன. வேடிக்கையான செல்லப்பெயர்கள், சாப்பாட்டு விசாரிப்பு, அரங்கத்து வம்பு, நடுவே திடீரென்று ஒரு ஏக்கம். கட்டாரிலும் சவுதியிலும் வேலைசெய்யும் கணவனோ மனைவியோ இரவில் கைபேசியில் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்தக் கடிதங்களை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

✦

கல்யாணம் நடந்த விதமும் ஒரு நாடகம். மொஸ்கோவில் ஒரு விருந்துக்கு உறவினரையும் நண்பர்களையும் அழைக்க ஏற்பாடு செய்தார் மாப்பிள்ளை. அவர்கள் கூடி உட்கார்ந்து காத்திருந்த நேரத்தில் இருவரும் வேறிடத்தில் ஒரு தேவாலயத்தில் மணம் முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். தேனிலவு, சயரோக வைத்தியத்துக்காகப் புளித்த குதிரைப்பால் கொடுக்கும் ஒரு சிகிச்சை நிலையத்தில்.

✦

தனிமைக்கு அஞ்சுகிறவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்ற கருத்து அவருடைய குறிப்பேட்டில் இருக்கிறது. இதை எடுத்துப்போட்டு, ‘பார், செக்கோவ் கல்யாணத்தையே வெறுத்தவர்’ என்று சொல்வது தவறு. தனிமைக்குத் துணை மருந்தாகாது என்று சொன்னவர், கடைசி மூன்று ஆண்டுகளும் துணைக்காக ஏங்கி எழுதினார். இரண்டும் உண்மை. அவரை வாசிப்பவர் இரண்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும்.

✦

சொல்லப்படாத காதலை மேடையில் காட்டுவது எப்படி? ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தின் கடைசி அங்கம். தோட்டம் ஏலத்தில் போய்விட்டது, வீட்டைக் காலிசெய்கிறார்கள். லொபாகின் இன்றாவது வார்யாவைப் பெண் கேட்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்து, இருவரையும் தனியே விடுகிறார்கள். அவள் எதையோ தேடுவதுபோலச் சாமான்களைக் கிளறுகிறாள். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான். வெப்பமானி உடைந்துவிட்டது என்கிறாள் அவள். ஒரு மௌனம். வெளியே யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன்போல் போய்விடுகிறான். இவ்வளவுதான் காட்சி. காதல் என்ற சொல்லே வரவில்லை. ஒரு பெண்ணின் வாழ்நாள் எதிர்பார்ப்பு, உடைந்த வெப்பமானியோடு முடிந்துபோகிறது. நாடகம் எழுத விரும்பும் பிள்ளைகள் இந்த ஒரு காட்சியைக் கையால் பிரதிசெய்து பார்க்கவேண்டும் என்பேன்.

‘வான்யா மாமா’விலும் இப்படி ஒரு இடம். பிரியும் நேரத்தில் வைத்தியர் அஸ்த்ரோவ் சுவரில் தொங்கும் ஆபிரிக்க வரைபடத்தைப் பார்த்து, அங்கே இப்போது வெயில் கொளுத்தும் என்கிறார். அந்த வீட்டில் ஆபிரிக்க வரைபடத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

✦

அஸ்த்ரோவ் காடு வளர்ப்பவர். மரங்களை வெட்டினால் மழையும் ஆறும் காலநிலையும் கெடும் என்று படம் வரைந்து விளக்குகிறார். நாடகம் அச்சானது 1897இல்.

✦

‘மூன்று சகோதரிகள்’ நாடகத்தை மொஸ்கோ நடிகர்களுக்கு வாசித்துக் காட்டியபோது அவர்கள் கண்கலங்கினார்கள். செக்கோவ் மனம் வருந்தி எழுந்து போய்விட்டார். அவர் எழுதியது நகைச்சுவை என்றே நம்பியிருந்தார். ‘செர்ரித் தோட்ட’த்திலும் அதே வழக்கு. நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு அது சோக நாடகம். எழுதியவருக்கு இடையிடையே கேலிக்கூத்தே ஆகிவிடும் நகைச்சுவை. நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும் உலகெங்கும் நெறியாளர்கள் இந்த வழக்கைத் தீர்க்கவில்லை. என் தீர்ப்பு செக்கோவ் பக்கம். துக்கவீட்டிலும் யாராவது ஒருவர் பகிடி சொல்லி அழுதவர்களைச் சிரிக்கவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அவர் அதைத்தான் எழுதினார்.

✦

சத்தம் அதிகமானால் செக்கோவுக்குப் பிடிக்காது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தவளைச் சத்தம், சில்வண்டுச் சத்தம், நாய் குரைப்பு என்று மேடைக்குப் பின்னால் அடுக்குவார். அடுத்த நாடகத்தில் ஒரு பாத்திரம் வந்து, இங்கே பறவையும் இல்லை நாயும் இல்லை, எவ்வளவு அமைதி என்று சொல்லும்படி எழுதப்போவதாகச் செக்கோவ் சொன்னார்.

✦

நாடகாசிரியர் ஒருபுறம் இருக்க, வைத்தியர் மறுபுறம் ஓயவில்லை. 1892இல் கொலரா பரவியபோது தாம் வசித்த மெலிகோவோ பகுதியில் 25 கிராமங்களைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் மூன்று பாடசாலைகள் கட்டினார்.

✦

1904 ஜூலை 15ஆம் தேதி, ஜேர்மனியின் பாடன்வைலர் ஊரில் 44ஆவது வயதில் காலமானார். உடல் மொஸ்கோவுக்கு வந்தது, சிப்பி ஏற்றும் ரயில் பெட்டியில். நிலையத்தில் காத்திருந்தவர்களில் ஒரு பகுதியினர், இராணுவ வாத்தியத்தோடு போன ஒரு தளபதியின் இறுதி ஊர்வலத்தைச் செக்கோவுடையது என்று நினைத்துப் பின்தொடர்ந்தார்கள். மாக்சிம் கோர்க்கி இதற்காகக் கொதித்துப்போனார். ஒல்கா கினிப்பர் அதன்பின் ஏறத்தாழ 55 ஆண்டுகள் வாழ்ந்தார், மறுமணம் செய்யவில்லை.

✦

செக்கோவின் வழியில் வந்த அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ். அவருடைய நாடகம் ஒன்று நிர்மலாவின் தமிழில் ‘கண்ணாடி வார்ப்புகள்’ ஆகி, க. பாலேந்திராவின் நெறியாள்கையில் 1978இல் இலங்கைத் தமிழ் மேடைக்கு வந்தது. வரன் வரக் காத்திருக்கும் பெண்ணும், பழம்பெருமை பேசும் தாயும், வீட்டைவிட்டு ஓடத் துடிக்கும் மகனும் நம்மவர்களுக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

✦

சிரிப்பும் துயரமும் சேர்ந்த இந்தக் கலவை நம் மண்ணிலும் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த பேரறிஞர். ‘நானாடகம்’ என்று அவர் 1940இல் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழ் அப்படியே மேடையேறியது. பொய்ப்பெருமைகள் சிரிப்பில் கரைந்தன.

‘மகாகவி’ து. உருத்திரமூர்த்தியின் ‘கோடை’ கவிதை நாடகம். நாதஸ்வரக் குடும்பத்துப் பெண் இளம் கலைஞனை விரும்ப, தாய்க்கோ பொலிஸ்கார மருமகன் மேல் ஆசை. அவரே எழுதிய ‘புதியதொரு வீடு’ மீனவர் கதை. கடலுக்குப் போனவன் இறந்துவிட்டான் என்று எண்ணி மனைவி மறுமணம் செய்துவிட்ட பின்பு, அவன் உயிரோடு திரும்பி வருகிறான். யாரையும் குற்றவாளி ஆக்காமல் மூன்று பேரின் துயரத்தையும் சமமாக எடுத்துச்சொன்ன நாடகம் அது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களுக்காகக் காத்திருந்த எங்கள் கரையோரத்தில், அதைப் படித்து நெஞ்சடைக்காதவர் இருக்க முடியாது.

✦

கல்முனைக்கு அருகே பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணன் ‘மழைக்கை’ என்ற பா நாடகம் எழுதியவர். 44 ஆண்டுகூட நிறையாமல் 1975இல் மறைந்தார். நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் வானொலி நாடகங்கள் எழுதியதோடு, கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகளையும் தேடித் தொகுத்தார். வயலிலும் வேலியோரத்திலும் ஆணும் பெண்ணும் மாறிமாறிச் சொல்லும் அந்தக் கவிகளில் சீண்டலும் கேலியும் பிரிவின் வலியும் நான்கு வரிக்குள் அடங்கிவிடும். செக்கோவ் நான்கு அங்கங்களில் செய்ததை, எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் மூத்தம்மாமார் நான்கு வரியில் செய்திருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

✦

குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ 1992இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் தனித்துப்போன முதியவர்களைப் பற்றியது. போர்க்காலத்து நாடகமானாலும் அதன் வயோதிபர்கள் பகிடியைக் கைவிடவில்லை. செக்கோவின் கடைசி நாடகத்தில், எல்லோரும் போன பிறகு பூட்டிய வீட்டுக்குள் ஒரு கிழவன் மறக்கப்பட்டுக் கிடப்பான். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

✦

பாடசாலைகளில் தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் தேடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசனும் மந்திரியும் வரும் நாடகங்களை ஒரு வருடம் ஓரமாக வையுங்கள். பெண் கேட்க வந்து புல்வெளிக்குச் சண்டை பிடித்தவனை வயல் வரம்புக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளை அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே பேசவிடுங்கள். வீட்டில் மூத்தம்மாவோ அம்மம்மாவோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த கவிகளையும் பகிடிகளையும் இந்த மாதமே கேட்டு ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் இன்று முதியவர்கள்.